தகப்பன் ஊர் எது?

உதைபந்தாட்டத்தில் பின்வரிசைக்காரனை யாரும் படம் எடுப்பதில்லை. கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் காத்த கீப்பருக்குக் கை தட்டுவார்கள். நடுவில் நின்று நெஞ்சிலும் முகத்திலும் பந்து வாங்கியவனைப் பற்றிப் பேச்சு வருவது அவன் பிழை விட்ட நாளில் மட்டும்தான். இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்த இடத்தில் நின்றவன் என்ற முறையில் தகவலாகச் சொல்கிறேன். புலம்பல் பின்னால் வருகிறது.

மொன்றியலில் எங்கள் ஊர்க்காரர் ஒரு விளையாட்டுக் கழகம் வைத்திருக்கிறோம். ஊருக்கு ஊர் இப்படி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரே சந்தையில் மீன் வாங்கிய இரண்டு ஊர்க்காரர் இங்கே வந்து இரண்டு கழகம், இரண்டு தலைவர், இரண்டு ஒன்றுகூடல் என்று பிரிந்துகொண்டார்கள். எங்கள் கழகம் கோடை காலத்தில் இந்த நகரத்து லீக்கின் கடைசிப் பிரிவில் ஆடும். அதற்குக் கீழே இன்னொரு பிரிவு இருந்திருந்தால் அதற்கும் இறங்கியிருப்போம். எதிரே ஹெயிட்டிக்காரர், அல்ஜீரியர், வேலை முடிந்து வேலைச் சப்பாத்தோடு நேரே மைதானத்துக்கு வரும் இத்தாலியர். நடுவர் பிரெஞ்சில் திட்டுவார், நாங்கள் தமிழில் திட்டுவோம், யாருக்கும் மனம் நோகாது.

பத்தொன்பது வயதில் அகதியாக வந்த அடுத்த கோடையே நான் இந்தக் கழகத்தில் சேர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரே இடம், பின்வரிசையின் நடு. பியர்பொன்ட்ஸ் புறநகரில் வீடு வாங்கியது, களஞ்சியசாலையில் போர்க்லிப்ட் ஓட்டும் வேலை, கல்யாணம், பிள்ளை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கேட்டால் முடியாது என்பேன். ஏப்ரலில் பனி உருகி மைதானம் சேறாக இருக்கும்போதே பயிற்சி தொடங்கும். மூக்கு இரண்டு முறை உடைந்தது. என்னைக் கட்டும்போது உங்கட மூக்கு நேராத்தான் இருந்தது என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள், ஏதோ கடைக்காரன் சாமானை மாற்றிக் கொடுத்துவிட்டதுபோல.

எனக்குப் பின்னால் கோலில் நின்றவன் என் சிநேகிதன். ஒரே ஊர், ஒரே வயது, இங்கே வந்த புதிதில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவன் வாய் ஓயாது. “விடாத மச்சான், விடாத!” என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருப்பான். நானும் விடவில்லை. அவன் கையில் பட்டுப் போகவேண்டிய பந்துகளில் பாதி என் உடம்பில் பட்டுப் போயிருக்கின்றன. வயிறு வைத்ததும் அவன் கோலை விட்டு வெளியே வந்து கழகத்தின் தலைவரானான். எனக்கும் வயது போனது. ஆனால் பின்வரிசைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. எல்லா இளசுகளும் முன்னால் நிற்கத்தான் ஆசைப்படுவார்கள்.

இந்த லீக்கை எங்கள் சனம் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டம் பார்க்க வருபவர் யாராவது ஒருவருடைய மனைவி, அவரும் காரை விட்டு இறங்க மாட்டார். சனத்துக்குப் பெரிது ஓகஸ்ட் மாதத்தில் ஊர்க் கழகங்களுக்கிடையில் நடக்கும் கிண்ணப் போட்டிதான். அதற்கு மடக்குக் கதிரையோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். கொத்துரொட்டிக் கடை போடுவார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் காலையிலிருந்து பின்னேரம் வரை அறிவித்துக்கொண்டே இருப்பார். அந்தக் கிண்ணத்தில் எங்கள் ஊர் இறுதியாட்டத்துக்கு வந்ததே கிடையாது. இந்த வருடம்தான் எனக்குக் கடைசி என்று நான் வீட்டிலும் கழகத்திலும் சொல்லியிருந்தேன். முழங்கால் இரண்டும் என்னை விட்டுப் போகப் பார்த்தன. போவதற்கு முன் ஒரே ஒரு இறுதியாட்டம் ஆடிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. வெல்ல வேண்டும் என்றுகூட இல்லை. அந்தச் சனத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்த விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களாகக் கழகங்கள் வெளியாட்களை இறக்கத் தொடங்கியிருந்தன. ரொறன்ரோவிலிருந்து, பாரிசிலிருந்து, எங்கேயிருந்தென்று இல்லாமல் ஆட்டக்காரர் வந்து இறங்கினார்கள். போன வருடம் எங்களை அரையிறுதியில் தோற்கடித்த கோலை அடித்தவன் தான் எந்த ஊருக்கு ஆடுகிறான் என்பதையே பக்கத்தில் நின்றவனிடம் கேட்டுத்தான் சொன்னான். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று எல்லாக் கழகமும் ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்ரில் கூடியது. அங்கே அதிகம் கத்தியவன் நான். ஊர்க்காரன் மட்டும்தான் ஊருக்கு ஆட வேண்டும் என்றேன். ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். அப்படியென்றால் இங்கே பிறந்த பிள்ளைகள் ஒருவரும் ஆட முடியாதே என்றார் ஒருவர். சரி, தாய் அல்லது தகப்பனின் ஊர் என்று மாற்றினார்கள். அப்போது ஒருவன் இரண்டு ஊருக்கு ஆடுவானே என்றார் இன்னொருவர். அதனால் தகப்பனின் ஊர் மட்டும் என்று முடிவானது. முதலில் கையுயர்த்தியவர்களில் நானும் ஒருவன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் பிறப்பதும் வளர்வதும் படிப்பதும் தாயின் ஊரில். இது அந்த பேஸ்மென்ரில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான். இருந்தும் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் அப்பா பக்கத்து ஊர்க்காரர். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு தார் ரோடு. கல்யாணத்தன்று அதைக் கடந்து வந்தவர் சாகும்வரை எங்கள் ஊர்ச் சங்கத்தில்தான் சந்தா கட்டினார். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் அவரே அம்மாவின் ஊரைத்தான் சொல்வார்.

அதே கோடையில் நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்தோம். எப்படி வந்தோம் என்று எனக்கே தெரியாது. இரண்டு ஆட்டம் தண்ட உதையில் வென்றோம், ஒரு ஆட்டத்தில் எதிரணி பாதிப் பேரோடு வந்தது. அரையிறுதி முடிந்ததும் நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன். சப்பாத்தைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன், யாரும் காணவில்லை என்று நினைக்கிறேன். இறுதியில் எங்களுக்கு எதிராக வரப்போவது என் அப்பாவின் ஊர்க் கழகம். அதைப் பற்றி வீட்டில் பகிடிகூட விட்டோம்.

இறுதியாட்டத்துக்கு இரண்டு நாளைக்கு முன், வெள்ளிக்கிழமை பின்னேரம், என் சிநேகிதன், கழகத் தலைவன், எங்கள் வீட்டுக்கு வந்தான். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டுத்தான் தொடங்கினான்.

“மச்சான், ஒரு சின்னச் சிக்கல்.”

“என்ன, ஜேர்சி வரேல்லையோ?”

“அதில்லையடாப்பா. உன்னைப் பற்றி நேற்று அவங்கள் ஒரு கேள்வி எழுப்பியிருக்கிறாங்கள். உன்ர அப்பா அவங்கட ஊர்தானே.”

“அதுக்கு?”

“விதிப்படி நீ எங்களுக்கு ஆடேலாது. நீயும் கையுயர்த்தின விதிதானே. இப்ப நாங்கள் என்ன செய்யிறது, சொல்லு?”

எனக்கு அது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. சேர்ந்ததும் சிரிப்புத்தான் முதலில் வந்தது, பிறகு கோபம். “அப்ப நான் அவங்களுக்கு ஆடுறன், அது சரியோ?” என்றேன்.

“அவங்கட ஆக்களின்ர பெயர் எல்லாம் குடுத்து முடிஞ்சுது மச்சான்,” என்று அதற்கும் நிதானமாகப் பதில் சொன்னான்.

சமையலறை வாசலில் நின்ற மனைவி கேட்டாள். “அப்ப இவர் எந்த ஊர்?”

அவன் கோப்பையை மேசையில் வைத்தான். என் இடத்துக்கு ஆள் இருக்கிறது, நாளைக்கு இங்கிலாந்திலிருந்து வருகிறான் என்றான். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டியிருந்தார், அவர்களுடைய மகன். அங்கே ஏதோ ஒரு கீழ்ப்பிரிவில் காசுக்கு ஆடுகிறவன். தகப்பன் அசல் எங்கள் ஊர், அதனால் சிக்கல் இல்லை. “உனக்குப் பொன்னாடை போத்துறம் மச்சான். மட்ச்சைத் தொடக்கி வைக்கிறதே நீதான்,” என்று என் தோளில் தட்டினான். நேற்று வந்த கேள்விக்கு நாளைக்கே கடல் தாண்டி ஆள் எப்படி வருகிறது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கோபம் வந்தால் நான் கொஞ்சம் மடையன்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் விட்டிருக்கலாம். போனேன். என்னுடைய அணியில் இன்னும் நாலு பேருக்காவது தகப்பன் ஊர் வேறு என்பது அங்கே அவர்கள் ஜேர்சி போட்டுக்கொண்டு ஓடிப் பழகியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்களைப் பற்றி எந்தக் கேள்வியும் எழவில்லை. விதி என் முழங்காலைத் தேடித்தான் வந்திருந்தது.

இங்கிலாந்துக்காரன் கோட்டுக்கு வெளியே தனியாக இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தலை கொஞ்சம் நரை, நெற்றியில் தையல் அடையாளம். அவனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். பக்கத்தில் போய் இருந்தேன். அவனை வெறுக்க வேண்டும் என்றுதான் போனேன். வார நாட்களில் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னான். பதினேழு வயதில் சேர்ந்த சின்னக் கழகத்தில்தான் இன்றைக்கும் ஆடுகிறானாம். இடையில் யாரும் அவனை வாங்கவும் வரவில்லை, அவனும் போகவில்லை. மழையில் பஸ்ஸில் நாலு மணித்தியாலம் போய், தோற்று, அதே பஸ்ஸில் திரும்பி வருவதுதான் தன் வாழ்க்கை என்று சிரித்தான். இந்த வருடத்தோடு அவனையும் போதும் என்றுவிட்டார்களாம். அதை யாரும் வாயால் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போனபோது அவனுடைய இலக்கத்தை வேறொருவன் போட்டுக்கொண்டு நின்றானாம்.

பிறகு அவன் கேட்டான், இந்த இடத்தில் வழமையாக ஆடுபவர் யார், அவருக்கு என்ன நடந்தது என்று. யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த ஆளுக்கு முழங்கால் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவன் அந்த முழங்காலுக்காக வருத்தப்பட்டான், உண்மையாகவே.

பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கிக்காரர் என்னை ஊரின் தூண் என்றும், மண்ணின் மைந்தன் என்றும், இன்னும் என்னவோ எல்லாமும் சொன்னார். மண்ணின் மைந்தன் ஆட முடியாது, போர்வையோடு நிற்கலாம். அந்த ஓகஸ்ட் வெயிலில் அது முதுகில் ஒட்டியது. இரண்டு அணிக்கும் கை கொடுத்துக்கொண்டு போனபோது அப்பாவின் ஊர் அணித் தலைவன் என் கையை விடவில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவன், மரியாதையான பொடியன்.

“அண்ணை, நீங்கள் ஆடேல்லையோ? ஏன்?”

“ஏனெண்டு நீங்கள்தான் சொல்லோணும். கேள்வி எழுப்பினது நீங்கள்தானே.”

“நாங்களோ? நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை.” அவன் முகம் பொய் சொல்கிற முகமில்லை. “குறை நினைக்காதேங்கோ, உங்கட பக்கத்தால ஓடினால் லேசா வெண்டிடலாம் எண்டுதான் நாங்கள் பிளானே போட்டு வைச்சனாங்கள். உங்கட தலைவர்தான் போட்டிக் குழுவிட்டக் கேட்டவராம், உங்களை ஆட விடலாமோ எண்டு.”

ஒரே மூச்சில் இரண்டு அடி. எதிரி என்னை ஆட விட ஆசைப்பட்டான், என் ஆள் என்னை நிறுத்தினான். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான். வேலியே பயிரை மேய்ந்தது என்று கத்தியிருப்பேன், ஆனால் ஒலிபெருக்கியில் தேசியகீதம் தொடங்கிவிட்டது. பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடக்கி வைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கோட்டுக்கு வெளியே நடந்தேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு விருப்பமில்லாவிட்டாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்காரன் நன்றாக ஆடினான். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஓடவேண்டிய இடத்தில் அவன் ஏற்கெனவே நின்றான், அவ்வளவுதான். நான் விழுந்து புரண்டு மறிக்கும் பந்தை அவன் ஒரு அடி நகர்ந்து நின்று எடுத்தான். பக்கத்தில் நின்ற பொடியன்களுக்குக் கையால் காட்டிக் காட்டி இடம் சொன்னான். மொழி தெரியாதவன் சொன்னது அவர்களுக்கு விளங்கியது. இத்தனை வருடம் நான் தமிழில் கத்தியது விளங்கியிருக்கவில்லை. அவன் பிழை விடட்டும் என்று நான் கும்பிட்டேன். ஒரு பிழையாவது விடட்டும், பந்து அவன் காலுக்கிடையால் போகட்டும் என்று என் ஊருக்கு எதிராக, என் சொந்தக் கழகத்துக்கு எதிராக, பொன்னாடையோடு நின்று கும்பிட்டேன். அவன் விடவில்லை. நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் வென்றோம்.

விசில் ஊதியதும் சனம் மைதானத்துக்குள் இறங்கியது. என் சிநேகிதன் நேரே என்னிடம்தான் ஓடி வந்தான், மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீரோடு. “மச்சான், வெண்டிட்டமடா! நாங்கள் வெண்டிட்டம்!” என்று கட்டிப்பிடித்தான்.

“நாங்கள் எண்டா ஆர்?”

அவன் கையை எடுத்தான்.

“குழுவிட்டப் போய்க் கேட்டது நீதானே?” என்றேன்.

மறுப்பான் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கொத்துரொட்டிக் கடைப் பக்கம் பார்த்தான். “ஓம்,” என்றான். “உனக்கு நேரா வந்து சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீ ஆடினால் வெல்லேலாது மச்சான்.”

“இருபது வருஷம் உன்ர கோலுக்கு முன்னால நிண்டனடா. உனக்கு வர வேண்டிய அடி எல்லாம் நான் வாங்கினன்.”

“ஓம், நிண்டனீ. ஆர் இல்லையெண்டது?” அவன் குரல் உயரவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது அடித்திருப்பேன். “அந்த இருபது வருஷமும் நாங்கள் ஒண்டும் வெல்லேல்லைத்தானே.”

அவனைக் கிண்ணத்தோடு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போனான். என்னையும் கையைக் காட்டிக் கூப்பிட்டான். நான் பொன்னாடையை மடித்து அந்த மடக்குக் கதிரைகளில் ஒன்றில் வைத்துவிட்டுக் காருக்குப் போனேன்.

வீட்டில் அந்த வாரம் முழுக்க நான் அவனைத் திட்டினேன். சோறு சாப்பிடும்போது திட்டினேன், கார் ஓட்டும்போது திட்டினேன். கறிவேப்பிலை மாதிரிப் பாவித்துவிட்டு எறிந்துவிட்டான் என்றேன். இனி அந்தக் கழகத்தின் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்றேன். மனைவி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். அவளுக்கும் கோபம்தான். அவனுடைய மனைவியின் தொலைபேசிக்கு அவள் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பகல் அவன் என்னைக் கூப்பிட்டான்.

“மச்சான், நாளைக்கு லீக் மட்ச். எட்டுப் பேர்தான் வாறம் எண்டவங்கள். மழையாம் வேற. நீ வாறியே?”

“கிண்ணம் வெண்ட உன்ர ஆக்கள் எங்க?”

“அவங்கள் கிண்ணத்துக்கு ஆடுறவங்கள். இது லீக்தானே. இங்கிலாந்துக்காரனும் திரும்பிப் போயிட்டான்.”

“என்ர அப்பா இன்னும் அந்த ஊர்தான்,” என்றேன்.

“லீக்கில அதையெல்லாம் ஆர் கேக்கிறது?” என்றான், நான் ஏதோ தெரியாமல் பயப்படுகிறேன் என்று நினைத்தவன்போல.

போனை வைத்துவிட்டு அவனை மனைவியிடம் மறுபடி ஒரு முறை முழுதாகத் திட்டினேன். எவ்வளவு துணிவு, என்ன தடித்த தோல் என்றேன். செத்தாலும் போக மாட்டேன் என்றேன்.

ஞாயிறு காலை சொன்னபடியே மழை பெய்தது. நான் எழும்பி முழங்கால் இரண்டுக்கும் பட்டி சுற்றினேன். மனைவி கோப்பிக் கோப்பையோடு படியில் நின்று பார்த்தாள்.

“அவ்வளவும் கதைச்சுப்போட்டு இண்டைக்குப் போறியளோ? உங்களுக்கு வெக்கமே இல்லையோ?”

வெட்கம் நிறையவே இருந்தது. ஆனால் ஆட்டம் பதினொரு மணிக்கு, பின்வரிசையில் ஆள் இல்லை.